உழைப்பும் உயர்வும்

உலகில் பிறந்தார் யாவரும் விரும்பும் பேறுகள் மூன்று. மகிழ்ச்சியோடு வாழ வேண்டும். எடுத்த செயலில் வெற்றி காண வேண்டும். பலர் நடுவே மதிப்புடன் விளங்க வேண்டும். செல்வர் மனையில் பிறந்த பிள்ளையும் இவற்றையே விழைகின்றது. கூலி வேலை செய்வோர் குடிசையில் பிறந்த பிள்ளையும் இவற்றையே விழைகின்றது. ஆயினும், இம்மூன்றும் ஒன்றோடொன்று கைகோத்தே வரும் என்று எண்ணுவது பிழை. வெற்றி பெற்றும் மகிழ்ச்சி இழந்தார் உளர். மதிப்பு மிகப் பெற்றும் கையிற் பொருளின்றி மறைந்தார் உளர். இவை எவ்வாறு வருகின்றன, எவ்வாறு பிரிகின்றன என்று அறியப் பழங்கதைகளைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. கொங்கு நாட்டில் நொய்யலாற்றின் கரையில் அமைந்த திருப்பூரின் வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்கினால் போதும்.

நொய்யல், வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது. காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். அதன் கரையில், சென்னிமலைக்கு அணித்தாய் உள்ள கொடுமணல் என்னும் சிற்றூர், சங்க காலத்திலேயே தொழிலாலும் வாணிகத்தாலும் சிறந்திருந்தது. பதிற்றுப்பத்து அதனைக் கொடுமணம் என்று குறிப்பிடும். அகழ்ந்தாய்ந்த அறிஞர், அங்கே கல்மணி செய்த பட்டறைகளின் அடையாளங்களையும் இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்களையும் கண்டனர். ஆகவே, கையால் ஒரு பொருளைச் செய்து தொலைவிலுள்ளார்க்கு விற்று வாழும் வழக்கம் இவ்வாற்றங்கரைக்குப் புதியதன்று.

மழை குறைந்த அந்நாட்டில் உழவர் ஆழக் கிணறு தோண்டி, நீர் இறைத்துப் பயிர் செய்தனர். பருத்தி அங்கே நன்கு விளைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைவண்டிப் பாதை அமைந்தபின், திருப்பூர் பருத்திச் சந்தையாக வளர்ந்தது. கொட்டை நீக்கிப் பஞ்சாக்கும் ஆலைகள் தோன்றின. விடுதலைப் போராட்ட நாள்களில் கதர்த் தொழிலுக்கு அது ஒரு பெருநிலையமாய் இருந்தது. காந்தியடிகளும் அவ்வூர்க்கு வந்து சென்றார். பின்னலாடைத் தொழில் 1925-ஆம் ஆண்டளவில் அங்கே கால்கொண்டது என்பர்.

நெய்தல் வேறு, பின்னுதல் வேறு. தறியில் நெய்யும் துணிக்குப் பாவு, ஊடை என இருவகை இழைகள் உண்டு. நெட்டிழையும் குறுக்கிழையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். பின்னல் துணியில் அத்தகைய குறுக்கு நெடுக்கு இல்லை. வட்டமாகச் சுழலும் எந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் இழையைக் கண்ணி கண்ணியாக வளைத்து, ஒரு கண்ணியை மற்றொரு கண்ணிக்குள் கோத்து, குழாய் போன்ற துணியாகக் கீழே இறக்கும். அதனாலேயே அத்துணி இழுத்தால் நீளுகின்றது, விட்டால் சுருங்குகின்றது, உடம்போடு ஒட்டி வியர்வையை உறிஞ்சுகின்றது. ஓர் ஊசியின் கொக்கி முறிந்தால், அவ்விடத்துக் கண்ணி நழுவித் துணி நெடுகக் கோடு விழும். எந்திரத்தின் அருகே நிற்பவர் இமைப்பொழுதும் சோர்ந்திருத்தல் இயலாது.

பின்னிய துணி சலவைப்பட்டறைக்கோ சாயப்பட்டறைக்கோ செல்லும். பின்னர் அதனைப் பரப்பி வெட்டுவோர் வெட்டுவர். ஓவர்லாக், பிளாட்லாக் என்னும் எந்திரங்களில் தைப்போர் தைப்பர். குறை உளதோ என்று பார்ப்போர், தேய்ப்போர், மடித்துப் பெட்டியில் அடைப்போர் எனப் பலர் கைகளைக் கடந்தே ஒரு பனியன் வெளிவரும். இப்பணிகள் யாவும் ஒரே கூரையின்கீழ் நடைபெறுவதில்லை. ஊரெங்கும் பரந்து கிடக்கும் சிறு பட்டறைகளில் கூறுகூறாக நடைபெறுகின்றன. திருப்பூரின் தனியியல்பு இது. ஓர் ஆலை முழுமையும் கட்ட முதல் இல்லாதவரும் ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தொழில் தொடங்கலாம் அன்றோ?

அவ்வாறே பலர் தொடங்கினர். 1950, 1960-ஆம் ஆண்டுகளை ஒட்டிச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து உழவர் மக்கள் பனியன் கம்பெனிகளுக்குக் கூலி வேலைக்கு வந்தனர். வெட்டினர், தைத்தனர், நூல் விலையும் ஆட்கூலியும் அறிந்தனர். சில ஆண்டுகள் கழிந்தபின், உறவினரும் நண்பரும் பங்காளிகளாய்ச் சேர, நான்கைந்து எந்திரங்களை வாங்கித் தனித்தொழில் கண்டனர். நேற்றுக் கூலி வாங்கிய கை இன்று கூலி கொடுத்தது. 1970-ஆம் ஆண்டுகளின் இறுதியில் மேனாட்டு வணிகர் திருப்பூரை நாடி வரலாயினர். உள்நாட்டார் அணியும் வெள்ளைப் பனியனோடு நின்ற ஊர், வெளிநாட்டார் அணியும் வண்ண ஆடைகளைத் தைக்கக் கற்றது. 1990-இல் ஏற்றுமதியாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 2009-இல் திருப்பூர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2024–25 நிதியாண்டில் அங்கிருந்து ஏற்றுமதியான பின்னலாடைகளின் மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்.

இவ்வெற்றி எதனால் வந்தது என்று அங்குள்ள முதலாளிகளை வினவினால், பெரும்பாலார் கூறும் விடை ஒரே சொல்: உழைப்பு. சரத் சாரி என்னும் அறிஞர் அவ்வூரில் தங்கி ஆராய்ந்து, 2004-இல் ஒரு நூல் வெளியிட்டார். எவரைக் கேட்பினும் அச்சொல்லே முன்வந்து நின்றதை அவர் வியந்து நோக்கினார். வியந்ததோடு அமையாமல் அதனைத் துருவியும் பார்த்தார். உழைப்பு உண்மைதான், ஆயின் அதனோடு வேறு சிலவும் துணை நின்றன என்று கண்டார். நிலம் வைத்திருந்த குடியில் பிறந்தமை, ஒரே இனத்தார் என்னும் நம்பிக்கை, கடனுக்கு நூல் தந்த வணிகர், பங்கு சேர்ந்த மைத்துனன், இவையெல்லாம் அத்துணைகளுள் அடங்கும். இவை இல்லாதாரும் அதே எந்திரத்தில், அதே நேரம் உழைத்தனர். அவருள் முதலாளி ஆனார் மிகச் சிலர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். உழைத்தவன் உயர்வான் என்பது நல்லுரை. ஆயின் உயராதவன் உழைக்காதவன் என்று அதனைத் திருப்பிப் பொருள்கொள்வது கொடுமை. வெற்றி பெற்றார் பலர் தம்மை அறியாமலே இத்தவற்றைச் செய்கின்றனர். திருவள்ளுவர் அதிகாரங்களை அமைத்த முறை இவ்விடத்து எண்ணத் தக்கது. ஊக்கமுடைமை 60-ஆம் அதிகாரம், மடியின்மை 61, ஆள்வினையுடைமை 62. அம்மூன்றன் பின்னே அவர் வைத்தது பொருட்பெருக்கம் அன்று, இடுக்கண் அழியாமை. முயல்வார்க்கும் இடர் வரும் என்பதை அவர் மறந்தாரல்லர். 2025 ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது 50 விழுக்காடு வரி விதித்தபொழுது, திருப்பூரில் உழைப்புக் குறைந்ததனாலா தொழில் நலிந்தது? ஏழு கடல் கடந்து ஒருவர் இட்ட கையெழுத்து, இங்கே தையற்காரியின் வாரக் கூலியைத் தொட்டது.

அத்தையற்காரியைப் பற்றியும் சிறிது பேச வேண்டும். திருப்பூர்த் தொழிலாளருள் பெண்டிர் பெருந்தொகையினர். விடியுமுன் எழுந்து உலையேற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, தூக்குப் பாத்திரத்தில் சோறு எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு விரைகின்றனர். ஏற்றுமதிக்குக் குறித்த நாள் நெருங்கினால் ஒன்றரை ஷிப்டு, அதற்கு மேலும் வேலை நீளும். நன்கு பழகிய கை, கழுத்துப்பட்டையை வளைத்துத் தைக்கும்பொழுது துணி சிறிதும் சுருங்குவதில்லை, கோடு பிறழ்வதில்லை. அத்தையலைத் தடவிப் பார்க்கும் பொழுது அவள் முகத்தில் தோன்றும் நிறைவு பொய்யன்று. செய்யும் தொழிலை நன்றாகச் செய்தோம் என்னும் எண்ணம் தரும் மகிழ்ச்சி, பிறர் கொடுத்து வருவதன்று. ஆதலின் பிறரால் பறிக்கவும் படாது. ஆயின் பன்னிரண்டு மணிநேரம் கழிந்தபின் அதே கை அதே தையலை எட்டுநூறாம் முறை தைக்கும்பொழுது, அம்மகிழ்ச்சி எஞ்சியிருக்குமா? களைப்பு வேறு, உழைப்பின் இன்பம் வேறு. ஓய்வும், உறக்கமும், பிள்ளையோடு பேசும் ஒரு நாழிகையும் இல்லாத இடத்தில் உழைப்பின் இன்பத்தைப் புகழ்வது, உண்ணாதவனிடம் நோன்பின் சிறப்பை ஓதுவது போன்றது.

இதனை உணர்ந்தே தொழிலாளர் ஒன்றுபட்டனர். 1984-ஆம் ஆண்டில் பஞ்சப்படி வேண்டி அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் நூறு நாள்களுக்கும் மேலாக நீடித்தது. அடுப்பெரியாத வீடுகள் பல. பிற்காலத்தில் முதலாளிகள் சங்கங்களும் தொழிலாளர் சங்கங்களும் அமர்ந்து பேசிக் கூலி உடன்பாடு காணும் முறை அவ்வூரில் நிலைபெற்றது. மேற்கு மாவட்டத்து நூற்பாலைகள் சிலவற்றில் வேறொரு கேடும் இருந்தது. மூன்றாண்டு வேலை செய்தால் திருமணச் செலவிற்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லி, வறிய குடும்பத்துச் சிறுமியரை ஆலை விடுதிகளில் தங்கவைத்தனர். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். பெயர் மங்கலமானது, இடையில் நோயுற்று வீடு திரும்பிய பெண்ணுக்கோ அத்தொகை கிடைப்பது அரிதாயிற்று. பெற்றோர் அறியாமையால் பிள்ளையை அனுப்பினர் என்று சொல்லி இதனைக் கடந்துவிட முடியாது. படிக்க வேண்டிய வயதினளை வேலைக்கு ஏற்றவர் அறியாதவர் அல்லரே.

வெற்றிக்கு ஆறும் ஒரு விலை கொடுத்தது. வெண்பனியன் வண்ண ஆடையான பொழுது, சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஒரு கிலோ துணிக்குச் சாயமேற்றப் பல குடம் நீர் வேண்டும். சாயம் துணியில் பற்ற உப்பும் வேண்டும். பற்றாது எஞ்சிய சாயமும் உப்பும் கலந்த நீர் நொய்யலில் இறங்கியது. ஒருநாள் சிவப்பு, மறுநாள் நீலம் என ஆறு நிறம் மாறி ஓடிற்று. ஆற்றுநீரைக் கொண்டு பாசனம் செய்வதற்காக ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டி 1992-இல் முடித்தனர். உழவர்க்கு நீர் தருவதற்கென்று எழுந்த அவ்வணை, சாயநீர் தேங்கும் குட்டையாயிற்று. கீழ்ப்புறத்து ஊர்களில் கிணறு உப்புற்றது, தென்னை கருகியது, நிலம் விளைவு குன்றியது. ஆடை தைத்து ஒரு குடி உயர்ந்தபொழுது, அதே ஆற்றின் கீழ்க்கரையில் வேறொரு குடி தாழ்ந்தது. இருவரும் ஒரே நாட்டார். பலர் ஒருவருக்கொருவர் உறவினரும் ஆவர்.

உழவர் நீதிமன்றம் சென்றனர். வழக்குப் பல ஆண்டு நடந்தது. நீதிமன்றங்கள் கெடு விதித்தன, கெடுவும் கடந்தது. இறுதியில் 2011 சனவரித் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை முற்றும் தூய்மை செய்யாத சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு ஆணையிட்டது. எந்திரங்கள் ஓய்ந்தன, வேலை இழந்தோர் தத்தம் ஊர்க்குத் திரும்பினர், திருப்பூர்ப் பெயர் அழிந்தது என்றே பலரும் பேசினர். அழியவில்லை. கழிவுநீரைச் சவ்வூடே அழுத்திச் செலுத்தி நன்னீரைப் பிரிப்பது, எஞ்சியதைக் காய்ச்சி உப்பை மீட்பது, மீட்ட நீரையும் உப்பையும் மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துவது என்னும் முறையைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேற்கொண்டன. ஒரு துளியும் வெளியே விடாத இம்முறை செலவு மிக்கது. மின்சாரம் பெரிதும் உண்பது. ஆயினும் அம்முறையைப் பின்பற்றுவதாகக் கூறியே இன்று அவ்வூரார் மேனாட்டாரிடம் வணிகம் பெறுகின்றனர். இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இதனைச் செய்திருந்தால் கீழ்க்கரைத் தென்னைகள் பல பிழைத்திருக்கும். இன்றும் மழைநாளில் திருட்டுத்தனமாகச் சாயநீரைத் திறந்துவிடுவார் சிலர் பிடிபடுவதுண்டு.

நல்லதும் நடந்துள்ளது, அதனை மறைத்தல் நடுநிலை ஆகாது. 2015-இல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்னும் பெயரால் ஒரு மரம் நடும் இயக்கம் தொடங்கி, இலட்சக்கணக்கான கன்றுகளை நட்டுள்ளது. அதற்குத் தொழில்துறையினர் பொருளும் உழவர் நிலமும் அளித்தனர். நகரை அடுத்த நஞ்சராயன் குளம், பறவைகள் வந்து தங்கும் ஈரநிலமாக உலகளவில் ராம்சர் பட்டியலில் 2024 ஆகஸ்டுத் திங்களில் இடம்பெற்றது.

இனி மதிப்பு என்பதைக் காண்பாம். மதித்தல் என்னும் சொல்லுக்கு அளவிடுதல் என்பதும் பொருள். வணிகர் சரக்கை மதிப்பர். மக்கள் மனிதரை மதிப்பர். ஏற்றுமதித் தொகை கொண்டு ஊரை அளவிடலாம். எந்திரங்களின் எண்ணிக்கை கொண்டு கம்பெனியை அளவிடலாம். மனிதனை எதனைக் கொண்டு அளவிடுவது? இவ்வினாவிற்குத் திருப்பூர் தந்துள்ள விடை வியப்பானது. பல்லாயிரம் செல்வர் தோன்றிய அவ்வூரில், நடுநாயகமான பெருஞ்சாலைக்குச் சூட்டிய பெயர் எந்தச் செல்வர் பெயரும் அன்று. ஆலை ஒன்றில் எடை போடும் சிறுபணி செய்த இளைஞர் ஒருவரின் பெயர் அது.

குமாரசாமி என்னும் அவ்விளைஞர், நெசவுக்குப் பெயர்பெற்ற சென்னிமலையில் 1904-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாச்சிமுத்து, தாயார் கருப்பாயி. வறுமை காரணமாகத் தொடக்கப்பள்ளியோடு கல்வி நின்றது. தறியில் உழைத்தும் வருவாய் போதாமையால் திருப்பூர் வந்து ஆலை வேலையில் அமர்ந்தார். இராமாயி என்னும் நங்கையை மணந்து இல்லறம் நடத்தினார். வேலை முடிந்த பொழுதெல்லாம் நாட்டுப்பணியில் ஈடுபட்டார். தேசபந்து வாலிபர் சங்கத்தில் முனைந்து நின்றார். அவருடைய வாழ்வை வெற்றி என்று அந்நாளில் எவரும் சொல்லியிருக்கமாட்டார்.

1932 சனவரித் தொடக்கத்தில் ஆங்கில அரசு காந்தியடிகளைச் சிறைப்படுத்தியது. நாடெங்கும் தடையை மீறி ஊர்வலங்கள் எழுந்தன. சனவரி 10-ஆம் நாள் திருப்பூரில் பி.எஸ். சுந்தரம் தலைமையில் சிலர் கொடியேந்திப் புறப்பட்டனர். அவருள் குமரனும் ஒருவர். காவலர் தடி கொண்டு தாக்கினர். குமரனின் மண்டை பிளந்தது, குருதி பெருகியது, உணர்வு இழந்து சாய்ந்தார். சாய்ந்தும் கையிற் பிடித்த கொடியை விட்டாரல்லர். மறுநாள், சனவரி 11-ஆம் நாள், மருத்துவமனையில் உயிர் நீத்தார். அகவை 27. நாடு விடுதலை பெற்றதைக் காண அவர்க்குக் கிட்டவில்லை. அது வர இன்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தன. கொடி காத்த குமரன் என்று தமிழகம் அவரை அழைத்தது. நூறாம் பிறந்தநாளாகிய 2004 அக்டோபர் 4-இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது.

மதிப்பைத் தேடி அவர் அக்கொடியைப் பிடிக்கவில்லை என்பது கருதத் தக்கது. புகழ் வரும் என்று எண்ணியிருந்தால், முதல் அடி விழுந்தபொழுதே கை தளர்ந்திருக்கும். திருக்குறளில் பெருமை என்னும் அதிகாரம் 98-ஆவது. அதற்கு முன்னே நிற்பது மானம். அவ்வரிசையை உரையாசிரியர் எவ்வாறு விளக்கினும், குமரன் வாழ்வு அவ்வரிசையிலேயே நடந்தது.

இந்நாளில் திருப்பூர்க்கு வேலை தேடி வருவோர் தென்மாவட்டத்தார் மட்டும் அல்லர். பீகார், ஒடிசா, சார்க்கண்டு, மேற்கு வங்காளம் முதலிய தொலை மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் பெண்டிரும் வருகின்றனர். சிலர் அவர்களைப் பெயர் சொல்லியும் அழைப்பதில்லை. வடக்கர் என்று பொதுப்படச் சுட்டி ஏவுகின்றனர். 2023 மார்ச்சுத் திங்களில், அத்தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் கைப்பேசிகளில் பரவின. அச்சம் கொண்ட பலர் புகைவண்டி நிலையத்தில் கூடினர். மாவட்ட ஆட்சியாளரும் காவலரும் அவர்கள் தங்கும் இடங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் சென்று, அவர்கள் மொழியிலேயே பேசி அச்சம் நீக்கினர். உதவி கேட்கத் தொலைபேசி எண்களும் அறிவித்தனர். புறப்பட்டார் சிலர், தங்கினார் பலர்.

திருப்பூர்ப் புகைவண்டி நிலையத்திற்கு அணித்தே குமரனுக்கு நினைவகம் உள்ளது. ஷிப்டு மாறும் வேளையில் அதன் வழியே தமிழும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசிக்கொண்டு, கையில் வெறும் சோற்றுப் பாத்திரத்துடன் மக்கள் கூட்டம் நடந்து செல்லும்.